உதவி: கண்ணாடி போடுறவருக்கு எந்த பைனாகுலர்? 8×42 ஆ, 10×42 ஆ?

ஹெவ்லொக்டவுன் குருவி

வணக்கம். கையில் இருப்பது மடித்துப் பைக்குள் போடுற சின்ன 10×25. காலமை ஆறு மணிக்கு பெல்லன்வில-அத்திடிய சதுப்புநிலப் பக்கம் போனால் நாலு கரைச்சல். படத்தின் ஓரத்தில் கறுப்புப் பிறை ஒன்று வந்து வந்து மறையுது. ஏழு மணி வரைக்கும் எல்லாம் மங்கல். நாணலுக்குள் ஏதோ அசைவது வெறுங்கண்ணுக்குத் தெரியுது, பைனாகுலரைத் தூக்கினால் அந்த இடத்தையே பிடிக்க முடியேல்ல. பத்து நிமிசத்தில் தலையிடி.

கண்ணாடி போடுகிறேன்: இரண்டு கண்ணுக்கும் −3.50, இடக்கண்ணில் சிலிண்டர் (கருவிழி வளைவு சீராக இல்லாததற்கான எண்) −1.25. பட்ஜெட் 80,000 ரூபா சுற்று, கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. பார்த்து வைத்தவை நிக்கோன் புரோஸ்டாஃப் பி3 8×42, நிக்கோன் மொனார்க் எம்5 8×42, வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் எச்டி 10×42. கடைக்காரர் 10 தான் "பவர் கூட, அதை எடுங்க" என்கிறார். ஒன்லைனில் "60×60" என்று மலிவாக ஒன்றும் வருது, அது என்ன கணக்கு? போவது அநேகமாகக் கொழும்பைச் சுற்றி உள்ள ஈரநிலங்கள்: அத்திடிய, தலங்கம, பெத்தகான. வருசத்துக்கு ஒருக்கா சிங்கராஜ மழைக்காடு.

சேற்றுக்கால்

வாங்குவதற்கு முதல் இருக்கிறதின் நோயைப் பார்ப்போம். நாலு கரைச்சலுக்கும் நாலு காரணம்.

மங்கல்: 10×25 இல் 10 என்பது மடங்கு, 25 என்பது முன்வில்லையின் விட்டம் மி.மீ. இல். விட்டத்தை மடங்கால் பிரியுங்க. 25 ÷ 10 = 2.5 மி.மீ. கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டம் அவ்வளவுதான், இதைத்தான் எக்ஸிட் பியூப்பில் என்கிறது. நல்ல வெயிலில் நம் கண்மணியே 2–3 மி.மீ. ஆகச் சுருங்கி இருக்கும், அதனால் குறை தெரியாது. விடியப்புறம் கண்மணி 5 மி.மீ. அல்லது அதற்கு மேலும் விரியும். அப்போது 2.5 மி.மீ. வட்டம் கண்மணியின் முக்கால் பங்கைப் பட்டினி போடுகிறது. 8×42 இல் இது 5.25, 10×42 இல் 4.2, 8×32 இல் 4.

கறுப்புப் பிறை: இது ஐ ரிலீஃப் பிரச்சினை. கண்வில்லையிலிருந்து எவ்வளவு தூரத்தில் கண் இருந்தால் முழுப் படமும் தெரியும் என்ற அளவு. சின்ன மடிப்பு மாதிரிகளில் அநேகமாக 10–12 மி.மீ. தான். கண்ணாடி போட்டால் கண் அதைவிடப் பின்னுக்கு நிற்கும், படம் ஒரு குழாய்க்குள் இருக்கிற மாதிரிச் சுருங்கும், கொஞ்சம் அசைந்தாலும் நிழல் விழும். உங்களுக்கு 16 மி.மீ. க்குக் குறைந்த எதையும் கையில் தொட வேண்டாம். பெட்டியில் போட்டிருக்கும் எண் வில்லையின் கண்ணாடியிலிருந்து அளந்தது, ரப்பர் விளிம்பிலிருந்து அல்ல. வில்லை உள்ளே பதிந்திருந்தால் இரண்டு மூன்று மி.மீ. அங்கேயே போய்விடும். இன்னொன்று, கண்ணாடி போடுறவர் ரப்பர் ஐகப்பை முழுக்க உள்ளே திருகி விடவேண்டும். வெளியே இழுத்து வைத்துவிட்டு "படம் சின்னன்" என்று முறையிடுறவர்கள்தான் பாதிப்பேர்.

பறவை பிடிபடாதது: பார்வைப்பரப்பு போதாது. 5 பாகை உள்ள 10×25 இல் 25 மீற்றர் தூரத்தில் தெரியும் அகலம் ஏறக்குறைய 2.2 மீற்றர். நாணல் எல்லாம் ஒரே மாதிரி, அடையாளத்துக்கு ஒரு கிளைகூட இல்லை. அதில் குருகைத் தேடுவது கஷ்டம்தான்.

தலையிடி: டயோப்டர் (இரண்டு கண்ணுக்கும் இடையிலான பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்டும் வளையம்) பிழையாக இருக்கலாம், இரண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்காமல் விலகியும் இருக்கலாம். முதலாவதை வீட்டிலேயே பார்க்கலாம். 30–40 மீற்றரில் ஒரு பெயர்ப்பலகை. வலப்பக்க முன்வில்லையை மூடி, நடுச்சில்லால் இடக்கண்ணுக்கு எழுத்தைக் கூர்மையாக்குங்க. பிறகு இடப்பக்கத்தை மூடி, நடுச்சில்லைத் தொடாமல், வலக்கண்வில்லையில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைக் கூர்மையாக்குங்க. கண்ணை இறுக்கி மூடக்கூடாது, கையால் வில்லையை மறைத்தால் போதும். இதற்குப் பிறகும் தலையிடி என்றால் குழாய் விலகல்தான், அந்தச் சின்னனைத் திருத்தக் காசு செலவழிக்க வேண்டாம்.

"60×60": 60 ÷ 60 = 1 மி.மீ. உண்மையாகவே 60 மடங்கு என்றால் இருட்டாகவும் இருக்கும், கையால் பிடிக்கவும் ஏலாது. உண்மையான மடங்கை அறிய, கண்வில்லைப் பக்கத்தை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, அதில் தெரியும் வெளிச்ச வட்டத்தை அடிமட்டத்தால் அளவுங்க. முன்வில்லை 32 மி.மீ., வட்டம் 4 மி.மீ. என்றால் அது 8 மடங்குக்கு மேல் இருக்க வழியே இல்லை. செம்பு நிறத்தில் மின்னும் வில்லை என்றால் பெட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொடுங்க.

அத்திடியக் கொக்கு

மேலே சொன்னதோடு முழு உடன்பாடு. மூன்றையும் எண்ணால் ஒப்பிட்டுப் பார்த்தால் கடைக்காரர் சொல்லாத ஒன்று தெரியும்.

1000 மீற்றரில் பார்வைப்பரப்பு: பி3 8×42 – 126 மீற்றர். எம்5 8×42 – 112. டயமண்ட்பேக் எச்டி 10×42 – 110. அதாவது எம்5 இல் 8 மடங்கு வாங்கினாலும் 10 மடங்கு வோர்டெக்ஸின் அகலம்தான் கிடைக்கிறது. "8 என்றால் அகலம்" என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது, பெட்டியைத் திருப்பிப் பாருங்கோ.

ஐ ரிலீஃப்: பி3 ஏறத்தாழ 20 மி.மீ., எம்5 19.5, டயமண்ட்பேக் 10×42 வெறும் 15. உங்கள் பட்டியலில் இந்த 10×42 இதோடு அடிபட்டுப் போச்சு. அதே வோர்டெக்ஸின் 8×42 ஐப் பட்டியலில் சேருங்கோ: 17 மி.மீ., 131 மீற்றர், கிட்டக் குவியம் 1.5 மீற்றர். பெத்தகான மரப்பாதையில் காலடியில் இருக்கும் தும்பியைக்கூடப் பார்க்கலாம். எம்5 க்கு 2.5 மீற்றர் வேண்டும்.

பி3 எங்கே தோற்கும்? உள்ளே படத்தை நிமிர்த்தும் பிரிசத்தின் ஒளிதெறிப்புப் பூச்சில். அதில் வெள்ளிக்கலவைப் பூச்சு, மற்ற இரண்டிலும் அதைவிடக் கூட ஒளியைத் தெறிக்க வைக்கும் டைஇலெக்ட்ரிக் பூச்சு. வெயில் ஏறினபிறகு வித்தியாசம் பிடிக்கிறது கஷ்டம். ஆறே காலுக்கு நிழலில் நிற்கும் வக்காவின் முதுகு கறுப்பா கருநீலமா என்று பார்க்கும்போது தெரியும்.

கல்பிட்டிக் காற்று

எல்லாரும் 10 ஐ ஒரேயடியாக ஒதுக்குறீங்கள். தலங்கமக் குளம் வெட்டவெளி. அக்கரையில் நிற்பது பொரி உள்ளானா பச்சைக்காலியா என்று பிரிக்க 8 ஐ விட 10 இருந்தால் உதவும்தானே? மன்னார், கல்பிட்டி போனால் இன்னும் வேண்டும். முழங்கையை விலாவில் ஊன்றிப் பிடித்தால் 10 ஒன்றும் அப்படி ஆடாது.

சேற்றுக்கால்

கை நடுக்கத்தையும் அதே மடங்கால்தான் பெருப்பிக்கும். பாறையிலோ கைப்பிடிக் கம்பியிலோ ஊன்றினால் 10 வெல்லும், சரி. முத்துராஜவெல வள்ளத்தில் இருந்துகொண்டு பார்த்தால் 8 இல்தான் கூட விபரம் தெரியும். சேற்று வெளியில் 200 மீற்றருக்கு அப்பால் நிற்கும் உள்ளானுக்கு 10 உம் காணாது, அதற்கு முக்காலியில் ஸ்பொட்டிங் ஸ்கோப் (ஒற்றைக்குழாய்த் தொலைநோக்கி) தான். சிங்கராஜவில் பல இனப் பறவைகள் சேர்ந்த கலப்புக் கூட்டம் தலைக்கு மேலால் கடந்துபோக ஐந்து நிமிசம், அதுவும் மரநிழல். அங்கே அகலமும் வெளிச்சமும்தான் வேலை செய்யும். இவ கேட்டது அத்திடியவுக்கும் சிங்கராஜவுக்கும், மன்னாருக்கு இல்லை.

ஹெவ்லொக்டவுன் குருவி

மிக்க நன்றி. டயோப்டரை நீங்கள் சொன்னபடி சரிசெய்தேன், தலையிடி குறைந்தது, முழுக்கப் போகவில்லை. இரண்டு கேள்வி. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் என்ன? கடையில் எதைச் சோதிப்பது?

தலங்கமத் தாமரை

அக்கா, கிட்டப்பார்வையை மட்டும் என்றால் பைனாகுலரின் குவியச் சில்லே சரிக்கட்டும். சிலிண்டரை அது சரிக்கட்டாது. உங்கட −1.25 க்கு இடக்கண் படம் ஒரு பக்கமாக இழுபட்டுத்தான் தெரியும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, அதுக்குள் மீன்கொத்தி பாய்ந்திடும். கண்ணாடியோடையே பாருங்க.

கடைச் சோதனை. வெளியில் கொண்டுவந்து பார்க்க விடாத கடையில் வாங்கவே வேண்டாம்.

முதலில் முன்வில்லையை ஒரு டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்க. உள்ளே பல லைட் விம்பம் தெரியும். எல்லாம் பச்சை, ஊதா, நீலம் என்றால் எல்லா வில்லைக்கும் பூச்சு இருக்கு. ஒன்றாவது பளிச் வெள்ளையாக இருந்தால் அங்கே பூச்சு இல்லை. பிறகு சேற்றுக்கால் சொன்ன வெளிச்ச வட்டத்தைப் பாருங்க, முழு வட்டமாக இருக்கவேண்டும். ஓரம் சதுரமாகச் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டிருந்தால் மலிவான பிரிசம்.

அடுத்தது கொழும்பில் இலவசமாகக் கிடைக்கும் சோதனைப்பொருள், மின்கம்பியில் இருக்கும் காகம். வெள்ளை வானத்துக்கு எதிரே அதன் ஓரத்தில் ஊதா, பச்சைக் கரை எவ்வளவு தடிப்பாகத் தெரியுது என்று பாருங்க. நடுவில் அறவே இருக்கக்கூடாது, ஓரத்தில் கொஞ்சம் மன்னிக்கலாம். எம்5 இல் இந்த நிறக்கரையைக் குறைக்கும் ஈடி கண்ணாடி இருப்பதால் இந்த இடத்தில் அது முன்னுக்கு நிற்கும்.

குழாய் விலகலுக்குக் கடல்தான் சரி. காலிமுகத்திடலிலோ வெள்ளவத்தைக் கரையிலோ நின்று தொடுவானக் கோட்டைப் பாருங்க. பைனாகுலரை அசைக்காமல் மெதுவாகக் கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளுங்க. இரண்டு வட்டத்திலும் கோடு ஒரே மட்டத்தில் ஓடவேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் அந்தப் பீஸ் வேண்டாம், அதே மாதிரியில் வேறு கேளுங்க. பக்கவாட்டு விலகலைக் கண் ஓரளவு இழுத்துச் சமாளிக்கும், மேல்கீழ் விலகலைச் சமாளிக்காது. பின்னேரம் சூரியன் அங்கேதான் இறங்கும், வில்லை அந்தப் பக்கம் தப்பித்தவறியும் திரும்பக்கூடாது.

அத்திடியக் கொக்கு

வாங்கின பிறகு நடப்பதையும் சொல்லவேணும். நைதரசன் நிரப்பின, தண்ணி புகாத மாதிரி என்றால் உள்ளே பூஞ்சணம் வருவது குறைவு, வெளிவில்லைக்கு அந்தக் காப்பு இல்லை. கொழும்புக் காற்றில் அலுமாரிக்குள் தோலுறையோடு வைத்தால் பூஞ்சணத்துக்கு விருந்து வைத்த மாதிரி.

ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. உள்ளே 200 கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. 40–50 சதவீதத்தில் நிற்கட்டும், 30 க்குக் கீழே போனால் ரப்பருக்கும் கிறீசுக்கும் கூடாது. செம்மஞ்சள் மணி பச்சையானால் ஓவனில் 110–120 பாகையில் இரண்டு மணித்தியாலம் வைத்து எடுங்கோ. அரிசிக்குள் புதைக்கிற வேலை வேண்டாம், மாத்தூள் சில்லுக்குள் போய் அடையும்.

ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் வில்லை ஆவி படிந்து பூக்கும். துடைக்கத் துடைக்கத் திரும்பப் பூக்கும். புறப்படுவதற்கு அரை மணித்தியாலம் முதல் பையோடு பல்கனியில் வையுங்கோ. விரலால் துடைத்தும் போகாத பூப்பு உள்ளுக்குள் என்று அர்த்தம், சீல் போயிட்டுது. உடனே உத்தரவாதத்துக்குக் கொடுங்கோ. நீங்களே ஸ்குரூவைத் திறந்தால் உத்தரவாதமும் போகும், நைதரசனும் போகும்.

ஹெவ்லொக்டவுன் குருவி

டயமண்ட்பேக் 8×42 எடுத்தாச்சு. எம்5 இல் காகத்தின் ஓரம் சுத்தமாக இருந்தது உண்மை, ஆனாலும் அகலத்துக்காக இதுதான். முதல் தந்த பீஸில் தொடுவானக் கோடு ஒரு பக்கம் கீழே நின்றது, மாற்றித் தந்தார்கள். இரண்டாவது நேர். இப்போது ஒரேயொரு கரைச்சல்: டயோப்டர் வளையம் பைக்குள் உரசித் தானாகத் திரும்புது.

சேற்றுக்கால்

சரியான இடத்தில் வளையத்திலும் அதற்கு நேரே உடம்பிலும் வெள்ளை நகப்பூச்சால் ஒரு சின்னப் புள்ளி வையுங்க. இரண்டு புள்ளியும் நேரா என்று தூக்குமுன் ஒரு பார்வை. வீட்டில் வேறு ஆக்கள் எடுத்துத் திருப்பினாலும் மறுபடி பெயர்ப்பலகை தேடத் தேவையில்லை.