அப்டேட்: ரைன்பெக்ல கைச்சாய நூல் வித்தாச்சு

முன்னாடி கேட்டிருந்தேன்ல, நியூயார்க் மாநிலத்துல ரைன்பெக்ங்கிற ஊர்ல அக்டோபர்ல நடக்குற ஷீப் அண்ட் வூல் ஃபெஸ்டிவலுக்கு (செம்மறி ஆடு, கம்பளித் திருவிழா) ஃப்ரெண்ட் ஸ்டால்ல வைக்க நான் சாயம் போட்ட கம்பளி நூல் கொண்டு போறேன், எந்தக் கலர் எடுக்கலாம், சிவப்பு கசியாம என்ன பண்றதுன்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் தேங்க்ஸ், போயிட்டு வந்தாச்சு.

ஒரே கலர்ல நிறைய வைங்கன்னு சொன்னவங்க வாய்க்கு சர்க்கரை போடணும். அந்த அக்டோபர் வீக்கெண்டுக்குன்னே புதுசா ஸ்வெட்டர் பின்னி போட்டுட்டு வர்ற கூட்டம் அது, இப்பவே அடுத்த வருஷ ஸ்வெட்டருக்கு நூல் தேடுறாங்க, சாக்ஸ் பின்ற மெல்லிசு நூல்ல 100 கிராம் சிட்டம் (நூல் கட்டு) ஒண்ணுல சுமாரா 400 கஜம்தான் வரும், அப்ப ஒரு ஸ்வெட்டருக்கு நாலஞ்சு வேணும்ல, அதுவும் ஒரே பாத்திரத்துல சாயம் போட்டதா இருக்கணும், இல்லன்னா முதுகு ஒரு கலர் கை ஒரு கலர்னு தெரியும். ஒத்த ஒத்தையா வச்சிருந்ததெல்லாம் தடவிப் பாத்துட்டு வச்சிட்டுப் போயிட்டாங்க.

சிவப்பு கசியவே இல்ல. சாயம் பிடிக்க சிட்ரிக் ஆசிட் போட்டு, தளதளன்னு கொதிக்க விடாம (விட்டா கம்பளி சிக்கு பிடிச்சுடும்) தண்ணி தெளியற வரைக்கும் சூட்டுல வச்சு, ராத்திரி முழுக்க அப்படியே ஆற விட்டு அப்புறம்தான் அலசுனேன்.

ஷெட்டுக்குள்ள லைட் மஞ்சளா இருந்ததால ஆளாளுக்கு நூலத் தூக்கிட்டு வெயிலுக்கு ஓடுனாங்க, காசு குடுக்காம போயிடுவாங்களோன்னு எனக்குத்தான் பக்குன்னுச்சு!

கடுகு மஞ்சள், துரு கலர் மொதல்ல காலி. நியான் பிங்க் சீந்த ஆளில்ல. யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, பாதி விலைக்குத் தர்றேன்.