முதல் சி.என்.சி. மில்: ரவுட்டரா, வார்ப்பிரும்பா?

கேள்வி: வீட்டுப் பட்டறைக்கு ஒரு சி.என்.சி. மில் (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) வாங்கணும். 10 மி.மீ. அலுமினியத் தகட்டில் பாக்கெட் (குழி) வெட்டணும், சில சமயம் மைல்டு ஸ்டீலும். லேசான சட்டமுள்ள ரவுட்டர் வகை போதுமா?

பதில் 1: ஸ்டீல்னு வந்துட்டாலே வார்ப்பிரும்பு மில்தான். 6 மி.மீ. கார்பைடு கட்டருக்கு ஸ்டீலில் 4,000 ஆர்.பி.எம். (நிமிடச் சுற்று) போதும், ரவுட்டர் ஸ்பிண்டிலுக்கு (கட்டரைச் சுழற்றும் தண்டு) அந்த வேகத்தில் டார்க் (சுழற்றும் விசை) இருக்காது. வாங்கும் முன் ஸ்பிண்டில் மூக்கில் டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை அளக்கும் கருவி) வைத்து, ஸ்பிரிங் தராசால் 10 கிலோ விசையில் இழுத்துப் பாருங்க. 0.1 மி.மீ. நகர்ந்தால் வேண்டவே வேண்டாம். கட்டர் அதிர்ந்து பல் உடையும்.

பதில் 2: டேபிளை நகர்த்த பால் ஸ்க்ரூ (குண்டுகள் மேல் உருளும் திருகு) கட்டாயம். பேக்லாஷை (திருகில் இருக்கும் தளர்வு) சாஃப்ட்வேர் சரிசெய்யும்னு நம்பாதீங்க. கிளைம்ப் மில்லிங்கில் (கட்டர் பல் சுழலும் திசையிலேயே பொருள் நகர்வது) அந்தத் தளர்வு அளவுக்குக் கட்டரே டேபிளை இழுத்துக்கும்.

பதில் 3: அலுமினியத்துக்கு ஒற்றைப் பல் கட்டர், 10,000 ஆர்.பி.எம்., ஃபீடு (கட்டர் முன்னேறும் வேகம்) நிமிடத்துக்கு 400 மி.மீ. பயந்து ஃபீடைக் குறைச்சா உரசிச் சூடேறி, சீவல் பல்லில் ஒட்டிக்கும். பாக்கெட்டுக்குள் காற்று ஊதிக்கிட்டே வெட்டுங்க.