மேசை ரம்பத்தின் 'ஃபென்ஸ்': வேலி வேண்டாம், 'சதுரமின்மை'யும் வேண்டாம்

வணக்கம். மேசை ரம்பம், அதாவது மேசைப் பரப்பின் நடுவே வட்ட ரம்பத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும் மரம் அறுக்கும் எந்திரம், அதன் 'ஃபென்ஸ்' என்ற பாகத்தையும் அதன் கோளாறையும் தமிழில் எப்படி எழுதுவது என்ற பேச்சில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ஃபென்ஸ் = வேலி. 'அவுட் ஆஃப் ஸ்கொயர்' = வேலிச் சதுரமின்மை. இத்துடன் முடித்துக்கொள்ளலாமா?

அவசரம் வேண்டாம் ஐயா. வேலி என்றால் ஆடு மாடு நுழையாமல் அடைப்பது. இந்தப் பாகம் எதையும் அடைப்பதில்லை. பலகை அதில் அணைந்தபடியே ரம்பத்துக்குள் ஓடுகிறது. பட்டறையில் 'கைடு' என்கிறார்கள், பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். எழுத்துக்கு 'அணைச்சட்டம்' என்று வைக்கலாம். சட்டம் தச்சர்கள் கையில் ஏற்கெனவே புழங்கும் சொல்தான். (வக்கீல்கள் மன்னிக்க.)

'சதுரமின்மை'தான் எனக்கு உண்மையில் உறுத்துகிறது. ஆங்கிலத்தில் அந்த ஒரே தொடருக்குள் இரண்டு கோளாறுகளைப் போட்டுக் குழப்புகிறார்கள். சட்டம் மேசைக்கு நெட்டாக நிற்காமல் ஒருபக்கம் சாய்வது ஒன்று. மூலைமட்டத்தை (செங்கோணம் பார்க்கும் கருவி) மேசைமேல் வைத்துச் சட்டத்தோடு ஒட்டினால் இடையில் வெளிச்சம் தெரியும். பலகையைக் குத்துக்கு நிறுத்தி அறுக்கும்போதுதான் இது பெரிதாகப் படுத்தும். இதற்குச் 'சாய்வு' போதும்.

இன்னொன்று, சட்டம் ரம்பத்துக்கு இணையாக இல்லாதது. இங்கே மூலைமட்டத்துக்கு வேலையே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரம்பத்தின் ஒரு பல்லில் மார்க்கரால் குறி போடுங்கள். மேசையில் நீளவாக்கில் ஓடும் காடியிலிருந்து (பள்ளத்திலிருந்து) அந்தப் பல்லுக்கு உள்ள தூரத்தை முன்பக்கம் அளந்துவிட்டு, அதே பல்லைப் பின்பக்கம் சுற்றிக் கொண்டுவந்து மறுபடி அளக்க வேண்டும். வேறு பல்லை அளந்தால் தகட்டின் நெளிவும் கணக்கில் சேர்ந்துவிடும். ரம்பம் காடிக்கு இணை என்று உறுதியான பிறகே சட்டத்தைக் காடியோடு ஒப்பிட வேண்டும். முதலிலேயே சட்டத்தைத் திருகுகிறவர்கள்தான் அதிகம்.

இதிலும் எந்தப் பக்கம் விலகல் என்பது முக்கியம். சட்டத்தின் பின்முனை ரம்பத்தை நெருங்கினால் மரம் இடையில் இறுகும், அறுத்த முகம் கருகும், பலகை ஆளை நோக்கிப் பாயும். இதைப் 'பின்னொடுக்கம்' எனலாம். பின்முனை ஒரு தாள் கனம், அதாவது 0.1 மி.மீ. போல, விலகி இருப்பதைப் பலர் வேண்டுமென்றே வைக்கிறார்கள், அது 'பின்விரிவு'. ஒன்று ஆபத்து, மற்றது முன்ஜாக்கிரதை. இரண்டையும் 'சதுரமின்மை' என்று எழுதினால் படிப்பவர் எந்தத் திருகைத் திருப்புவார்? பல மேசை ரம்பங்களில் சாய்வுக்கு ஒரு திருகு, இணைக்கு வேறு திருகு.

ஆக என் பரிந்துரை: அணைச்சட்டம், சாய்வு, பின்னொடுக்கம், பின்விரிவு. பொதுப்பெயர் வேண்டுமென்றால் 'சட்டப் பிசகு' என்று சொல்லிக்கொள்ளலாம்.

அப்புறம், பலகை பாய்வதற்கு, அதாவது 'கிக்பேக்'குக்கு, 'பின்னுதை' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குச் சம்மதம். 'எதிரெற்று'தான் வேண்டும் என்பவர்கள் அதைப் பட்டறையில் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.