சோலர் சுடுதண்ணீருக்கு அரச உதவி ஏதும் கிடைக்குமா?

வணக்கம். யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் வீடு. அம்மாவுக்கு மூட்டுவருத்தம், மார்கழிக் குளிரில் பச்சைத்தண்ணீரில் குளிக்க ஏலாது. மின் ஹீட்டரின் கொயில் அடிக்கடி போய்விடுகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் தெரியும்தானே, சுண்ணாம்புக்கல் தண்ணீர். கேத்திலுக்குள்ளே வெள்ளைப் பொருக்கு முட்டைக்கோது மாதிரி உரிகிறது. கறண்ட் பில் தனிக்கதை. அதனால் கூரையில் சோலர் ஹீட்டர் வைக்க யோசனை.

லண்டனில் இருக்கும் தங்கச்சி சொல்கிறாள்: அங்கே கேஸ் பாய்லரைக் கழற்றி ஹீட் பம்ப் (வெளிச்சூட்டை இழுத்து வீட்டையும் தண்ணீரையும் சூடாக்கும் மின் கருவி) பூட்டினால் அரசாங்கம் 7,500 பவுண்ஸ் தருமாம். பூட்டுகிற கம்பனியே விண்ணப்பித்து பில்லில் கழித்துவிடும். இங்கே விசாரித்தால் எல்லாரும் 2016இல் வந்த சூரிய பல சங்கிராமயவைத்தான் சொல்கிறார்கள். அது கூரையில் கறண்ட் எடுக்கிற திட்டம், தண்ணீர் சூடாக்க இல்லை.

வீட்டுச் சுடுதண்ணீர் சோலருக்கு மானியமோ வட்டி குறைந்த கடனோ எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? எந்த வங்கி, என்ன பத்திரங்கள் கேட்டார்கள்? காணி உறுதி இன்னும் அப்பாவின் பெயரில்தான், அது சிக்கலாகுமா?

மற்றது, கண்ணாடிக் குழாய் வகையா, தட்டையான பனல் வகையா எங்கள் தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும்? விற்கிறவர்கள் இரண்டும் திறம் என்றுதான் சொல்வார்கள். பாவிக்கிற ஆட்கள் சொல்லுங்கோ.