பெரியம்மாவின் பேரனுக்கு உதவித்தொகை: புதுப்பிப்பு

மகள் இறந்து, மருமகனும் விட்டுவிட்டுப் போனபின் பேரனைத் தனியாக வளர்க்கும் என் பெரியம்மாவுக்கு ஏதாவது உதவி கிடைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் 'அன்புக் கரங்கள்' திட்டத்தைச் சொன்னீர்கள். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். அப்பா அம்மா இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தோம். ஒருவர் இறந்து மற்றவர் கைவிட்டுப் போயிருந்தாலும் உண்டு.

விண்ணப்பித்தபோது இழுத்தடித்தது பேரனின் பெயர்தான். ஆதாரில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்து. திருத்தவே மூன்று வாரம் ஆனது. மகளின் இறப்புச் சான்றிதழை நாலாக மடித்து மஞ்சள் பையில் வைத்திருந்தார் பெரியம்மா. ஒவ்வொரு மேசையிலும் அதை விரித்துக் காட்டும்போது கை நடுங்கியது. ஒரே இடத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் போதாதா?

சரி, போன வாரம் முதல் தவணை வந்துவிட்டது. பையனுக்குப் புது ஷூ, ஒரு அளவு பெரிதாக. அப்புறம், மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகையும் இருக்கிறது. இவனுக்கு எது பொருந்தும் என்று கேட்க, திங்கட்கிழமை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகிறோம். வந்து எழுதுகிறேன்.