மேச்சேரி செம்மறி: குட்டி எடை வருஷா வருஷம் குறையுது, மரபணு சோதனை உதவுமா?

ஓமலூர்_பட்டி:
40 தாய் ஆடு, 4 வருஷமா ஒரே பொலிகிடா. தீவனம், குடற்புழு மருந்து எதுலயும் மாற்றமில்லை. ஆனா 3 மாசக் குட்டிகளோட எடை இறங்கிக்கிட்டே வருது. மரபணு சோதனை செஞ்சு நல்ல கிடா எடுக்கலாமா? இல்ல, வெளி இனக் கிடா விடலாமா?

மேட்டூர்க்கரை:
முதல்ல கிடாவை மாத்துங்க. 4 வருஷத்துல அதோட மகள்களும் சினைக்கு வந்திருக்கும். அப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கிற குட்டிக்கு உள்ளினச் சேர்க்கை (நெருங்கின ரத்த உறவுக்குள்ள இனம் சேர்ற அளவு) 25%. முதல் அடி குட்டியோட பிழைப்புலயும் வளர்ச்சியிலயும்தான் விழும். மகள்கள் பருவத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே, அதாவது 2 வருஷத்துக்குள்ள, கிடா பட்டியை விட்டுப் போயிடணும். பக்கத்து ஊர்ல மாத்திக்கிறதா இருந்தா ரெண்டு கிடாவும் ஒரே இடத்துல வாங்கினதான்னு கேட்டுக்கங்க. பலர் இங்கதான் கோட்டை விடுறாங்க.

வெளி இனக் கிடா விட்டா முதல் தலைமுறை கொழுகொழுன்னு நிக்கும். அதுகளையே மறுபடி இனத்துக்கு விட்டா ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னு சிதறிடும். மேச்சேரித் தோலுக்குன்னு இருக்கிற மதிப்பும் போயிடும். கறிக்கு மட்டும்னா சரி.

தராசுக்காரர்:
மரபணு சோதனைக்கு முன்னாடி ஒரு தொங்கு தராசும் நோட்டும் வாங்குங்க. காது வில்லை நம்பர், தாய் நம்பர், பிறந்த தேதி, பிறந்த எடை. எடையை அப்படியே ஒப்பிடாம 90 நாளுக்குச் சரிக்கட்டணும்: (இப்போதைய எடை – பிறந்த எடை) ÷ வயசு நாள் × 90 + பிறந்த எடை.

ஒரு குட்டி 2.2 கிலோவுல பிறந்து 82ஆம் நாள் 9.1 கிலோ, கணக்குல 9.8. இன்னொண்ணு 2.4ல பிறந்து 100ஆம் நாள் 10.2; கணக்குல 9.4 தான். கண்ணுக்குப் பெருசா தெரியுறது ரெண்டாவது, நல்லா வளர்ந்தது முதலாவது.

தலைஈத்துக் குட்டி இளைச்சுத்தான் இருக்கும், தாய்ப்பால் கம்மி. அதனால 3 மாசத்துல கழிச்சுடாம கடைசித் தேர்வை 6 மாசத்துல வைங்க.

மரபியல்_மாணவன்:
சோதனை பத்தி: ஃபெக்-பி மரபணு ஈத்துக்கு எத்தனை குட்டிங்கிறதைக் கூட்டும், வளர்ச்சியை இல்லை. எடைங்கிறது ஏகப்பட்ட மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமா சேர்ந்து நிர்ணயிக்கிறது. மரபுவழித் திறன் (எடை வித்தியாசத்துல மரபு வழியா வர்ற பங்கு) 0.2னு வச்சுக்கிட்டா, பட்டி சராசரியை விட 2 கிலோ கூடுதலான கிடாவுக்கு அதுல 400 கிராம்தான் மரபு வழி; அதுல பாதியைத்தான் கிடா தரும்கிறதால குட்டிகளுக்குத் தர்றது சராசரியா 200 கிராம். மெதுவாத்தான் ஏறும். பொட்டனேரி மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையத்துல கிடா கிடைக்குமான்னு விசாரிங்க, எடைப் பதிவையும் கேளுங்க.

ஓமலூர்_பட்டி:
நன்றிங்க. ரெண்டு கிடா வச்சா எந்தக் குட்டி எதோடதுன்னு எப்படித் தெரியும்?

தராசுக்காரர்:
இருபது இருபதா பிரிச்சு, ராத்திரி தனித்தனிப் பட்டியில ஆளுக்கொரு கிடா விடுங்க. பகல் மேய்ச்சல்ல இனம் சேராம இருக்க கிடா வயித்துல சாக்கு கட்டிடுங்க. 35 நாள் விட்டா ரெண்டு பருவச் சுழற்சி (ஒண்ணு சுமார் 17 நாள்) அடங்கிடும். கிடா நெஞ்சுல எண்ணெயில குழைச்ச சாயப்பொடி தடவினா ஏறின ஆட்டோட பின்பக்கம் தெரியும். செங்காவி வேண்டாம், மேச்சேரி நிறத்துல கலந்துடும். நீலம் தடவுங்க, 17ஆம் நாள் பச்சைக்கு மாத்துங்க. நீலம் பட்ட ஆடு மேலயே பச்சையும் விழுந்தா முதல் தடவை சினை பிடிக்கலைன்னு கணக்கு. பாதிக்கு மேல அப்படி வந்தா கிடாவோட விதைப்பையைத் தடவிப் பாருங்க, டாக்டரிடமும் காட்டுங்க.

மேட்டூர்க்கரை:
புதுக் கிடாவை எடுத்ததும் மந்தையில விடாதீங்க. 3 வாரம் தனியா கட்டி, பிபிஆர் (ஆட்டுக்கொல்லி நோய்) தடுப்பூசியும் புருசெல்லா (கருச்சிதைவு நோய்க் கிருமி) ரத்தப் பரிசோதனையும் முடிச்சுட்டு விடுங்க.