கோடை முகாமில் காட்டுச்செடிகள்: 5 நாளில் எதைச் சொல்லிக்கொடுப்பது?

வேலியோரம் (கேள்வி):
8 முதல் 11 வயதுவரை 20 பிள்ளைகள். 5 நாள், தினமும் ஒன்றரை மணி நேரம். 40 செடிகளுக்குப் பட்டியல் போட்டிருக்கிறேன். நடந்துகொண்டே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு போனால் மனதில் நிற்குமா? பறித்துப் பாடம் செய்ய (தாளுக்குள் அழுத்திக் காயவைக்க) வைக்கலாமா?

தும்பைக்காடு:
நிற்காது. எட்டாகக் குறைத்துவிடுங்கள். பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். முதலிலேயே சொன்னால் "தெரிஞ்சு போச்சு" என்று அடுத்த செடிக்கு ஓடிவிடுவார்கள்.

தும்பையில் தொடங்கலாம். தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்ல உருட்டச் சொல்லுங்கள். வழுவழுவென்று உருளாமல் தடக் தடக்கென்று நிற்கும். நான்கு மூலைத் தண்டு. இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும், அடுத்த ஜோடி அதற்குக் குறுக்கே. பிறகு துளசியையும் புதினாவையும் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். மூன்றும் ஒரே குடும்பம் என்பதை விரலே கண்டுபிடிக்கும். (நான்கு மூலைத் தண்டு வேறு சில குடும்பங்களிலும் உண்டு. அதையும் சொல்லிவிடுவது நல்லது.)

அடுத்து வெட்டுக்காயப் பூண்டு. அதன் பூவை நகத்தால் இரண்டாகப் பிளந்து, 10 மடங்கு லென்ஸில் பார்க்கட்டும். நடுவில் இருக்கும் ஒவ்வொரு மஞ்சள் குழலும் ஒரு தனிப் பூ. பிள்ளைகள் லென்ஸைப் பூவின்மேல் பிடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார்கள், மங்கலாகத்தான் தெரியும். லென்ஸைக் கண்ணருகே வைத்துக்கொண்டு பூவை இரண்டரை செ.மீ. வரை கொண்டுவர வேண்டும். லென்ஸ் வழியாக வெயிலைப் பார்க்கவே கூடாது.

எருக்கம்பூ:
முந்தின நாளே பாதையை நடந்து பார்த்து, பட்டால் அரிக்கும் செந்தட்டி, நச்சுச் செடிகளான அரளி, ஊமத்தை, எருக்கு, குன்றிமணி எங்கெங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். குன்றிமணியின் சிவப்பும் கறுப்பும் பிள்ளைகளை இழுக்கும். அந்த விதையை ஓடு உடைய மென்றால் உயிரையே எடுக்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் உடனே 15 நிமிடமாவது சுத்தமான நீரால் கழுவி, மருத்துவரிடம் போக வேண்டும். 5, 6 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் அவசியம்.

தின்னக்கூடிய செடியாகவே இருந்தாலும் அங்கே வாயில் போட்டுக் காட்டாதீர்கள். செடியின் அடையாளம் மறந்துபோகும், "தின்னலாம்" என்பது மட்டும் மறக்காது.

வேலியோரம்:
தொட்டாற்சிணுங்கி வைக்கலாமா?

தும்பைக்காடு:
கட்டாயம், காலையில். மாலையானால் அது தானாகவே மூடிக்கொள்ளும். ஒரே செடியை 20 பேரும் தொட்டால் கடைசிப் பிள்ளைக்கு மூடிய இலைதான் மிஞ்சும். குழுவுக்கு ஒரு கிளை பிரித்துக் கொடுங்கள். முள் இருக்கிறது, இலை நுனியை மட்டும் தொடட்டும். மறுபடி விரிய எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்து எழுதச் சொல்லுங்கள். காம்படியில் இருக்கும் சின்னப் புடைப்பின் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து நீர் வெளியேறுவதால்தான் இலை மடிகிறது. நீர் திரும்ப ஏறினால் விரியும்.

சருகு:
பாடம் செய்வது பற்றி: ஏராளமாக வளர்ந்திருக்கும் இடத்தில், குழுவுக்கு ஒரு செடி மட்டும் பறிக்கலாம். பனி காய்ந்தபின் பறியுங்கள். செய்தித்தாள் மடிப்புக்குள் பரப்பி, ஓர் இலையின் அடிப்பக்கம் மேலே தெரியும்படி திருப்பி வையுங்கள். மேலும் கீழும் அட்டை, அதன்மேல் கனமான புத்தகங்கள். முதல் 4 நாளும் தாளை மாற்றியே தீர வேண்டும். ஈரத்தாள் அப்படியே கிடந்தால் இலை கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். சதைப்பற்றுள்ள செடி வேண்டாம். மெல்லிய இலைகள் காய ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால் முதல் நாளே பறித்துவிடுங்கள், முகாம் முடிந்ததும் மீதி நாள் காய வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். பூவின் நிறத்தைப் பறித்த உடனே சீட்டில் எழுதவேண்டும், காய்ந்தால் வெளுத்துவிடும்.